மூன்றாம் முயற்சி

அறையில் வெப்பமூட்டி செத்துக் கிடக்கிறது.
நூலகத்தை ஆறுக்கே பூட்டிவிட்டார்கள்.
அதனால் வூப்பர்டாலின் தொங்கு ரயிலில்
ஓபர்பார்மன் முதல் ஃபோவிங்கல் வரை,
ஃபோவிங்கல் முதல் ஓபர்பார்மன் வரை
மாணவர் பயணச்சீட்டின் புண்ணியத்தில்
போய்ப்போய் வந்துகொண்டிருக்கிறேன்.
இருபது நிலையங்கள். ஒரு நடைக்கு அரைமணி.
கையில், தலைமுடி ரப்பரால் கட்டிய
நாற்பத்தொரு அட்டைகள்.

நாளை காலை எட்டேகாலுக்குத் தேர்வு.
முதல் முறை பயத்தில் போனது.
இரண்டாம் முறை காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன்.
அதுவும் பயம்தான்.
மூன்றாவதிலும் விழுந்தால்
இந்தப் பாடத்தை இந்த நாட்டில்
எங்கேயும் இனிப் படிக்க முடியாதாம்.
கடிதம் வந்திருக்கிறது.
கடைசி வரியில் ‘நட்பான வணக்கங்களுடன்’.

சுழியால் வகுக்காதே, இது முதல் அட்டை.
ஏழாவது:
குறை எண்ணால் பெருக்கினால்
அசமன்பாட்டின் வாய் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்,
கடன் கேட்ட அன்று சித்தப்பாவின் முகம்போல.
பன்னிரண்டு: மட்டுக்குள் போன எதுவும்
குறையில்லாமல் வெளியே வரும்.
(என்னை யாராவது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்குள்
கொஞ்ச நேரம் நிற்க வைக்கலாம்.)
சார்பகம்: எந்த எண்களுக்கெல்லாம்
உள்ளே வர அனுமதி என்ற பட்டியல்.
விசா அலுவலக வரிசையில் நின்றவளுக்கு
அதை விளக்க வேண்டியதில்லை.

ஸூ நிலையத்தில் ஆட்டம் முடிந்த கூட்டம்,
சிவப்பும் நீலமுமாய்ச் சால்வைகள்,
ஈரக் கம்பளியும் பீரும் கலந்த வாடை.
யாரோ ஒருவரின் முழங்கை.
ரப்பர் அறுந்தது.
நாற்பத்தொன்றும் கால்களுக்கிடையில்.

குனிந்தவன் என்னைவிட இரண்டு வயது இளையவன் இருப்பான்.
பொறுக்கி, சால்வையில் துடைத்து, எண்ணிக் கொடுத்தான்.
நாற்பது.
“பூஜ்யத்துக்கு மூன்று. தோற்றுவிட்டோம்” என்றான்,
நான் கேட்காமலே. “உனக்கு?”
“நாளைக்குத்தான் தெரியும்.”

தொலைந்தது இருபத்து மூன்றாம் அட்டை.
இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம்.
ஒரு வருடமாக, பல் தேய்க்கும்போதுகூட
சொல்லிக்கொண்டிருந்த சூத்திரம்.
இப்போது நாக்கில் இல்லை.

ஜன்னலில் மூச்சுப் படிந்திருந்தது.
விரலால் எழுதினேன்.
ஏ சுழி அல்ல; அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
ஏ-யால் வகு.
சி-யை அந்தப் பக்கம் தள்ளு.
பி-யில் பாதி எடுத்து, வர்க்கமாக்கி,
இரண்டு பக்கமும் சேர்.
ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பது திருட்டு.
இடப்பக்கம் சட்டென்று முழு வர்க்கமானது,
காலி நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்ததுபோல.
வர்க்கமூலம். கூட்டலும் கழித்தலும் ஒன்றன்மேல் ஒன்று.
கண்ணாடிக்கு அந்தப்புறம் வூப்பர் ஆறு
மழையை வாங்கிக்கொண்டே போனது.
பி வர்க்கம், கழித்தல், நாலு ஏசி.

கழித்தலா?
அடிவயிற்றில் ஏதோ நழுவியது.
மறுபடி மேலிருந்து வந்தேன்.
கழித்தல்தான்.
ப்ளஸ் அல்லவா சொல்லிக்கொண்டிருந்தேன்?
துளி ஒன்று இறங்கி மூலக்குறியை அறுத்தது.
கெலூசவில் இறங்கும்போது பையன் கையசைத்தான்.
நானும் அசைத்தேனா, நினைவில்லை.

அறைக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால்
அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கிறது இருபத்து மூன்று.
சேறு. என் கையெழுத்து.
பி வர்க்கம், கூட்டல், நாலு ஏசி.

கோட்டைக் கழற்றாமல் போட்டுப் பார்த்தேன்:
எக்ஸ் வர்க்கம், கழித்தல் ஐந்து எக்ஸ், கூட்டல் ஆறு.
அட்டையின்படி ஆறும் குறை ஒன்றும்.
இரண்டையும் திருப்பிப் பொருத்தினால்
சுழி வர வேண்டிய இடத்தில்
இரண்டு முறையும் பன்னிரண்டு.
ஜன்னலின்படி இரண்டும் மூன்றும்.
சுழி. சுழி.

மணி பன்னிரண்டே கால்.
மிச்சம் நாற்பது அட்டைகள்.
ஒன்றையும் நம்பாமல்
முதல் அட்டையிலிருந்து தொடங்குகிறேன்:
சுழியால் ஏன் வகுக்கக் கூடாது?